முதல் வகுப்புப் பிள்ளைக்கு மதிப்பீடு, அறிக்கை, பள்ளியில் பேச ஆள்: வாங்கியதில் எது தேறியது?

மீத்திறன் குழந்தைகளை மதிப்பிட்டு, அறிக்கை கொடுத்து, பள்ளிக்கூடத்தில் பேசவும் கூட வரும் சேவை ஒன்றை எங்கள் மகளுக்காக எடுத்தோம். மூன்றும் சேர்ந்த தொகுப்பு, தனித்தனியாகவும் தருகிறார்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதிப்பீடு நன்று, அறிக்கை சுமார், பள்ளிக்கு வந்து பேசியது பிரமாதம், அதற்குப் பிறகு கவனிப்பு சுத்த மோசம். பெயரைச் சொல்லப் போவதில்லை. குறையும் நிறையச் சொல்லப் போகிறேன், அவர்களிடம் எங்களுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

மகளுக்கு ஆறு வயது, முதல் வகுப்பு. பூஜ்யத்துக்குக் கீழே எண் உண்டா என்று ஒரு நாள் கேட்டாள். உண்டு என்று சொன்னதும், லிப்டில் தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும் பொத்தான்களைக் காட்டி, "அப்போ இங்கேர்ந்து மூணு மாடி ஏறினா ஒண்ணுதானே வரும்?" என்று மைனஸ் இரண்டில் விரல் வைத்துக் கேட்டாள். அதே பிள்ளையைப் பற்றிப் பள்ளியிலிருந்து வந்துகொண்டே இருந்த குறிப்பு: கூட்டல் தெரிகிறது, ஆனால் கவனம் இல்லை. இரண்டும் ஒரே பிள்ளையா என்ற சந்தேகத்தில்தான் இந்தச் சேவையைத் தேடிப் போனோம்.

சோதனைக்கு முன்பு பெற்றோரோடு ஒரு பேச்சு வைக்கிறார்கள். அதற்கு வரும்போது பள்ளி நோட்டுகளைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார் மதிப்பீடு செய்யும் உளவியலாளர். நல்ல மதிப்பெண் வாங்கியவை வேண்டாம், திட்டு வாங்கியவைதான் வேண்டும் என்று குறிப்பாகச் சொன்னார். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அங்கேதான். கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். முதல் வரிசைக் கூட்டல் அத்தனையும் சரி. இரண்டாம் வரிசையில் 4+5க்கு 18, 7+2க்கு 18, 6+8க்கு 28, 3+3க்கு 12. எல்லாவற்றின் மேலும் சிவப்பில் தப்புக் குறி. மூன்றாம் வரிசை மொத்தமும் காலி. பக்கத்தில் 'கவனம் தேவை'.

"கூட்டிட்டு ரெண்டால பெருக்கியிருக்காங்க. வரிசை முழுக்க ஒண்ணுகூடத் தப்பில்லை" என்றார்.

மகளைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். அவள் அதைப் பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. "முதல் வரிசையிலயே தெரிஞ்சிருச்சுல்ல? அதான் ரூல் மாத்திட்டேன்." மூன்றாம் வரிசை? "அதுக்கு ரூல் யோசிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு."

இனி சோதனை. ஆறு வயதில் வெக்ஸ்லர் என்ற பெயரில் வரும் இரண்டு நுண்ணறிவுச் (ஐ.க்யூ.) சோதனைகளுக்கும் இடம் உண்டு. 2012இல் வந்த 'விப்சி-4' இரண்டரை வயது முதல் ஏழு வயது ஏழு மாதம் வரை. 2014இல் வந்த 'விஸ்க்-5' ஆறு வயதில் தொடங்கிப் பதினேழு தொடும் முன்பு வரை. சிறு பிள்ளைகளுக்கான சோதனையில் இவள் கடைசிக் கேள்வி வரை சரியாகச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு போவாள் என்று தெரியாமலே போய்விடும் என்பதால் விஸ்க்கைத் தேர்ந்தெடுத்தார். காரணத்தைக் கேட்டேன், சொன்னார், எனக்குத் திருப்தி. எந்தச் சோதனை, ஏன் அது என்று கேட்டால் பதில் சொல்லாதவரிடம் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

சோதனை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. பெற்றோர் வெளியேதான். கேள்விகளை நமக்குக் காட்டவே மாட்டார்கள், காட்டவும் கூடாது. இணையத்தில் கிடைக்கும் பயிற்சிப் புத்தகம் எதையாவது கொடுத்துப் பழக்கினீர்களா என்று முன்பதிவின்போதே கேட்டார்கள். பழக்கிய பிள்ளையின் மதிப்பெண் பழக்கத்துக்கான மதிப்பெண்தான், அதை வைத்துக்கொண்டு பள்ளியில் எதையும் கேட்க முடியாது. பிள்ளை வீட்டில் பேசும் மொழியும் பள்ளி மொழியும் வேறாக இருந்தால், எந்த மொழியில் சோதிக்கிறார்கள் என்பதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். சொல்வளத்தைச் சோதிக்கும் பகுதிகள் அதில் அடிபட்டுப் போகும்.

முடிவு ஒரே எண்ணாக வருவதில்லை. மொழிப் புரிதல், வடிவங்களைக் கையாளும் திறன், புதுச் சிக்கலைத் தர்க்கமாக அவிழ்ப்பது, கேட்டதை மனத்தில் நிறுத்தி வேலை செய்வது, வேகம் என்று ஐந்து பகுதி. எங்கள் மகளுக்கு முதல் மூன்றும் எக்கச்சக்க உயரம், நான்காவது நன்று, வேகம் மட்டும் சராசரி. பென்சிலால் குறிகளைப் போட வேண்டிய பகுதியில் ஒவ்வொரு குறியையும் அழகாகப் போட்டு ரசித்திருக்கிறாள். நேரம் ஓடுகிறது என்று சொன்னதற்கு, "ஓடட்டும்" என்றாளாம்.

இங்கே உளவியலாளர் செய்த ஒரு காரியம் காசுக்குத் தகும். மொத்த எண், இந்தப் பகுதிகளுக்குள் வரும் ஏழு உட்சோதனைகளிலிருந்து கணக்கிடப்படுகிறது, அதில் வேகமும் நினைவும் சேரும். அவை இரண்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நிற்கும்போது, மீதி ஐந்து உட்சோதனைகளை மட்டும் வைத்துப் 'பொதுத் திறன் குறியீடு' என்று வேறொன்றையும் கணக்கிடலாம். இரண்டையும் அறிக்கையில் போட்டு, ஏன் இரண்டு என்று ஒரு பத்தி எழுதியிருந்தார். அவ்வளவு திறன் இருந்தால் ஏன் எழுத இவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்ற பள்ளியின் கேள்விக்குப் பின்னால் அந்தப் பத்திதான் கைகொடுத்தது.

எண்ணை இங்கே எழுதமாட்டேன். இந்தச் சோதனைகளில் சராசரி 100, ஒரு படிக்கட்டு 15 புள்ளி (புள்ளியியலில் திட்ட விலக்கம் என்பார்கள்). இரண்டு படி ஏறி 130 தொடுபவர்கள் நூற்றுக்குச் சுமார் இருவர். மீத்திறன் என்று சொல்லப் பல இடங்களில் அதுதான் வாசல். ஆனால் எந்த மதிப்பெண்ணுக்கும் சில புள்ளிகள் மேலேயும் கீழேயும் பிழை வரம்பு உண்டு, அறிக்கையிலேயே அச்சாகியிருக்கும். 128 வாங்கிய பிள்ளையின் அம்மா அழுவதும், 131 வாங்கிய பிள்ளையின் அப்பா உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போடுவதும் ஒரே அளவு வீண். 1921இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1,500க்கும் மேற்பட்ட மீத்திறன் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஆய்வு தொடங்கினார். அப்போது சோதிக்கப்பட்டு எல்லைக்குக் கீழே நின்றதால் விடப்பட்ட இரண்டு சிறுவர்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். பின்னாளில் 1956இலும் 1968இலும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வரப் போகிறவர்கள் இந்தக் கதையையும் வாங்கிக்கொள்ளுங்கள், இது இலவசம்.

அறிக்கைக்கு வருகிறேன். நான் தணிக்கை வேலை பார்ப்பவள். எந்த அறிக்கையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன், பரிந்துரைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். கடைசிப் பக்கம் ஏமாற்றம். 'சவாலான பயிற்சிகள் வழங்கப்பட வேண்டும்', 'படைப்பாற்றல் ஊக்குவிக்கப்பட வேண்டும்.' யார் வழங்க வேண்டும், எந்தப் பாடவேளையில், எதை நிறுத்திவிட்டு? ஒரு வார்த்தை இல்லை. இரண்டு இடத்தில் என் மகள் 'அவன்' ஆகியிருந்தாள். வேறொரு பையனின் அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். சுட்டிக்காட்டியதும் திருத்தித் தந்தார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். ஆனால் பரிந்துரைகள் அப்படியேதான் இருந்தன. முப்பது பிள்ளைகளை மேய்க்கும் ஆசிரியர் இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை என்ன செய்வார்?

அந்தக் கேள்விக்குப் பதில் மூன்றாவது சேவையில் இருந்தது. பள்ளிச் சந்திப்புக்குத் தயார்படுத்தி, கூடவே வருபவர் வேறொருவர். பல காலம் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். நோட்டில் அந்த இரட்டிப்புப் பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இது போதும். இதை மேஜை மேல விரிச்சு வைங்க. நம்பரை அவங்களா கேட்டா மட்டும் சொல்லுங்க."

வீட்டுப்பாடமே கொடுத்தார் எங்களுக்கு. பிள்ளைக்கு வகுப்பில் போரடிக்கிறது என்ற புகாரை எடுக்கவே கூடாது. ஆசிரியர் காதில் அது 'நீங்கள் நடத்துவது சரியில்லை' என்றுதான் விழும். என் கணவர் ஒரு பட்டியலே வைத்திருந்தார்: தனிப் பாடத்திட்டம், மேல்வகுப்பு நூல்கள், ரோபாட்டிக்ஸ், இன்னும் என்னென்னவோ. கூட வருபவர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்கச் சொன்னார். கணக்கில் ஒவ்வொரு பாடமும் தொடங்கும் முன், அந்தப் பாடத்தின் இறுதித் தேர்வையே மகளுக்கு வைத்துப் பார்க்க வேண்டும். 85 சதவீதத்துக்கு மேல் வாங்கினால், மற்றவர்கள் அதைப் படிக்கும் நேரத்தில் இவளுக்கு வேறு வேலை. வாங்காவிட்டால் எல்லோரோடும் உட்கார்ந்து படிப்பாள். ஆறு வாரம் பார்ப்போம், சரிவராவிட்டால் விட்டுவிடலாம்.

இது அவர் கண்டுபிடித்ததில்லை. பாடச் சுருக்கம் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் ஜோசப் ரென்சுல்லியும் சாலி ரீஸும் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வரும் முறை. 1990களில் ரீஸ் குழுவினர் அமெரிக்கப் பள்ளிகளில் பார்த்தபோது, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சில பாடங்களில் 40 முதல் 50 சதவீதம் வரை நீக்கியும் தரப்படுத்திய தேர்வுகளில் அவர்கள் பின்தங்கவில்லை. 'அடிப்படை விட்டுப்போகும்' என்ற அச்சத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. ஆனால் சந்திப்பில் இந்த ஆய்வை எடுத்து நீட்டக் கூடாது என்றும் சொன்னார். கேட்டால் மட்டும். 'மேடம், அமெரிக்காவுல...' என்று ஆரம்பிக்கும் பெற்றோரை எந்த ஆசிரியருக்கும் பிடிக்காது.

சந்திப்பில் வகுப்பாசிரியையும் ஒருங்கிணைப்பாளரும் இருந்தார்கள். கூட வந்தவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதோடு சரி, வெகுநேரம் வாயே திறக்கவில்லை. நான் நோட்டை விரித்தேன். ஆசிரியை இரண்டாம் வரிசையை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். பாதியில் சிரித்துவிட்டார். "இவளை!" என்றார். அந்த ஒரு சிரிப்புக்கு அறிக்கையின் மொத்தப் பக்கங்களையும் கொடுக்கலாம்.

ஆனால் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "மேடம், ஷூ லேஸ் கட்டத் தெரியல அவளுக்கு. பென்சில் உடைஞ்சா அழறா. நீங்க பெரிய கணக்கைப் பத்திப் பேசறீங்க." அப்போதுதான் கூட வந்தவர் பேசினார். "நீங்க சொல்றது சரிதான் மிஸ். லேஸ் கட்டற வயசு ஆறு, கணக்கு போடற வயசு ஒன்பது. ரெண்டும் ஒரே பிள்ளைக்குள்ள இருக்கு. அழுதா ஆறு வயசுப் பிள்ளையா தேத்துங்க, கணக்கு மட்டும் கொஞ்சம் மாத்திக் கொடுங்க." ஒருங்கிணைப்பாளர் தலையாட்டினார். அறிவும் உணர்வும் கையும் ஒரே வேகத்தில் வளராதது இந்தப் பிள்ளைகளிடம் வழக்கம். அதை ஆசிரியரை மறுக்காமல் சொன்ன விதம்தான் இவர் தொழில்.

அடுத்து, முடித்துவிட்டால் கூடுதலாக இருபது கணக்கு தருகிறேன் என்றார் ஆசிரியை. நல்ல மனதோடுதான் சொன்னார். சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை போலத்தானே அது? இல்லையென்றால், பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்றார். எப்போதாவது என்றால் சரி, தினமும் என்றால் அவள் ஆசிரியரின் உதவியாளர்தான், மாணவி இல்லை. இந்த இரண்டும் வரும் என்று கூட வந்தவர் எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார் என்பதால் நான் தடுமாறவில்லை. நாங்களே ஒரு கோப்பு தருகிறோம், உள்ளே புதிர்த் தாள்கள், விடைகள் பின்பக்கம், உங்களுக்குத் திருத்தும் வேலை இல்லை என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தில் விஷயம் முடிந்தது.

அன்று மாலையே, பேசி முடிவானதை ஐந்து வரியில் பள்ளிக்கு மின்னஞ்சலாக அனுப்பச் சொன்னார் கூட வந்தவர். யார், எதை, எப்போது, மறுபடி எப்போது பார்க்கிறோம். வகுப்பாசிரியைக்கு முதல் வரியிலேயே நன்றி. பாதி வருடத்தில் ஆசிரியை மாறினாலும் இந்த மின்னஞ்சல் பள்ளியில் இருக்கும்.

இவ்வளவும் மெச்சிவிட்டு ஒரு பெரிய குறை. இந்த நிறுவனத்துக்கு 'ஒரு வகுப்பு தாண்டி ஏற்றிவிடலாம்' என்பதில் தனிப் பிரியம். அறிக்கை கைக்கு வந்த அன்றே, அலுவலகத்தில் இருந்தவர் அதற்கான கூடுதல் தொகுப்பை விவரிக்க ஆரம்பித்துவிட்டார். வகுப்புத் தாண்டுவது தப்பே இல்லை. தகுதியான பிள்ளைக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது என்றுதான் நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன, 'சின்னப் பிள்ளை, தோழமை கிடைக்காது' என்ற பயம் பெரும்பாலும் நம்முடையது. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. பிள்ளையை வகுப்புத் தாண்ட விடலாமா என்று பார்க்க அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உருவான முடுக்க அளவுகோலில், சில விஷயங்கள் இருந்தால் பரிந்துரைக்கவே கூடாது என்று முதலிலேயே வருகிறது: பிள்ளைக்கே விருப்பம் இல்லாதது, நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 115க்குக் கீழே இருப்பது, போகப் போகும் வகுப்பிலோ இப்போதைய வகுப்பிலோ உடன்பிறந்தவர் இருப்பது.

எங்கள் பையன் இரண்டாம் வகுப்பு. இவளை நடு ஆண்டில் ஏற்றினாலும், அடுத்த ஆண்டு ஒன்றைத் தாண்ட விட்டாலும் நேரே அண்ணன் வகுப்பில்தான் போய் விழுவாள். விவரித்தவர் வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொன்ன பிறகு காகிதத்தைப் பார்த்து, "ஆமாம், அப்போ வேண்டாம்" என்றார். அதே கணக்கை எட்டு வயதில் வேர்க்க வேர்க்கப் போடும் அண்ணன் பக்கத்து பெஞ்சில் தங்கையைப் பார்த்தால் என்ன ஆவான் என்று யோசிக்க உளவியல் படிக்க வேண்டியதில்லை.

கவனிப்புக்கு மதிப்பெண் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்துப் பள்ளியோடு மறுபடி பேச அழைப்போம் என்றார்கள். அழைப்பு வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுத்தவர் வேறொருவரிடம் தருகிறேன் என்றார், அந்த வேறொருவர் இன்றுவரை வரவில்லை. மறுசந்திப்புக்கு நானே போனேன். மின்னஞ்சல் இருந்ததால் சிரமப்படவில்லை. கூட்டல், கழித்தல் இரண்டிலும் முன்தேர்வில் மகள் எல்லையைத் தாண்டினாள். நேரம் பார்க்கும் பாடத்தில் தாண்டவில்லை, கடிகார முள் அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. எல்லோரோடும் உட்கார்ந்து படித்தாள். ஆசிரியைக்கு நம்பிக்கை வந்தது அவள் தாண்டிய இடங்களைவிடத் தாண்டாத இடத்தில்தான் என்பது என் ஊகம்.

யாருக்கு இந்தச் சேவை தேவை? பிள்ளை புத்திசாலியா என்று தெரிந்துகொள்ள மட்டும் என்றால் வேண்டாம். ஐந்து வயதுக்குள் என்றால் கொஞ்சம் பொறுங்கள், அந்த வயதில் மதிப்பெண் பின்னால் நிறையவே மாறும். ஆசிரியர் ஏற்கெனவே காது கொடுப்பவர் என்றால் நோட்டையும் ஒரு கோரிக்கையையும் எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். அபாரமாகப் பேசுகிறான், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை, எழுத வரவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். திறனும் கற்றல் சிரமமும் சேர்ந்த பிள்ளைகளிடம் ஒன்று மற்றொன்றை மறைத்து, வகுப்பில் சராசரியாகவே தெரிவார்கள். பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் இந்தச் சோதனை அவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. பள்ளிக்குக் கூட வந்த அம்மாவுக்குத் தனியாக ஐந்து. முன்பதிவு செய்யும்போது சோதனையை எடுக்கப் போவது யார், பரிந்துரைப் பக்கத்தின் மாதிரி ஒன்று காட்டுவார்களா, பள்ளிக்கு வருபவர் வகுப்பறையில் வேலை பார்த்தவரா, ஆறு வாரம் கழித்து அழைக்கப் போகிறவரின் பெயர் என்ன என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரை எழுதி வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.